அறிஞர் கார்ல் லாண்ட்ஸ்டைனர்

ஒருவருடைய இரத்தத்தை மற்றொருவர் உடலிற் செலுத்தி உயிர் காப்பது இந்நாளில் எளிய காரியமாகிவிட்டது. பிரசவ வேதனையில் உதிரம் பெருகி உயிர் ஊசலாடும் தாயும், வழியில் வண்டி மோதிக் கால் நசுங்கிக் கிடக்கும் வழிப்போக்கனும், முன்பின் அறியாத எவரோ ஈந்த இரத்தத்தினால் பிழைத்து வீடு திரும்புகின்றனர். ஈந்தவர் இன்னாரென்று பெற்றவர் அறியார். பெற்றவர் இன்னாரென்று ஈந்தவரும் அறியார். இவ்விருவருக்கும் நடுவே நின்று, இந்த இரத்தம் இவருக்குச் சேரும், இது சேராது என்று வரையறுத்துக் கொடுத்த மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் பெயரையும் நம்மிற் பெரும்பாலார் அறியார். அவரே கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்னும் ஆஸ்திரிய நாட்டு அறிஞர். அவருடைய சரிதத்தை நம் கல்லூரி அன்பர்களுக்குச் சுருக்கமாக எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

முன்னோர் கண்ட இடர்

இரத்தம் இழந்தவனுக்கு இரத்தம் ஈந்தால் பிழைப்பான் என்னும் எண்ணம் மிகப் பழையது. 1667-ம் ஆண்டில் பிரான்சு தேசத்து வைத்தியரான ழான் பத்தீஸ்து தெனி என்பவர் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை மனிதர் உடலிற் செலுத்திப் பார்த்தார். அவரிடம் சிகிச்சை பெற்றவருள் ஒருவன் இறந்துபடவே வழக்கு உண்டாயிற்று. சில ஆண்டுகளுள் அச்சிகிச்சையே அந்நாட்டில் விலக்கப்பட்டது. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தபின், இலண்டன் மாநகரில் ஜேம்ஸ் பிளண்டெல் என்னும் வைத்தியர், பிரசவத்தில் உதிரம் இழந்து மடியும் தாய்மாரின் நிலை கண்டு மனம் உருகி, 1818-ம் ஆண்டு முதல் மனித இரத்தத்தையே மனிதருக்குச் செலுத்தலானார். மனிதனுக்கு மனித இரத்தமே ஏற்றது என்று அவர் கண்டது பெரிய உண்மையே. ஆயினும் அது முழு உண்மையன்று. அச்சிகிச்சை பெற்றவருட் சிலர் எழுந்து நடமாடினர். வேறு சிலரோ இரத்தம் உள்ளே சென்ற சிறிது நேரத்திற்குள் குளிர் நடுக்கமுற்று, இடுப்பு நோவால் துடித்து, கருநிறச் சிறுநீர் கழித்து உயிர் துறந்தனர். ஒருவரை வாழ்விக்கும் அதே மருந்து மற்றொருவரைக் கொல்வானேன்? அக்காலத்து வைத்தியர் எவராலும் இதற்கு விடை கூற இயலவில்லை. அஞ்சிய பலர் அச்சிகிச்சையையே கைவிட்டனர்.

பிறப்பும் கல்வியும்

இவ்வினாவுக்கு விடை கண்ட லாண்ட்ஸ்டைனர், வியன்னா மாநகரை அடுத்த பாடன் என்னும் ஊரில் 1868-ம் ஆண்டு ஜூன் மாதம் 14-ந் தேதி பிறந்தார். தந்தையார் லியோபோல்டு லாண்ட்ஸ்டைனர் யூத குலத்தினர். பத்திரிகை நடத்திப் புகழ் பெற்றவர். கார்லுக்கு ஆறு வயதான போதே அவர் காலமானார். தந்தையை இழந்த சிறுவனை வளர்த்து ஆளாக்கிய பொறுப்பு முழுவதும் அன்னையார் பானி அம்மையாரைச் சார்ந்தது. தாய்க்கும் மகனுக்கும் இடையே இருந்த அன்பு அளவிறந்தது. 1890-ம் ஆண்டில் அவர் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தார். பிற்காலத்தில் அன்னையார் இறந்தபோது அவரது முகத்தின் அச்சினை வார்ப்பித்துத் தம் அறைச் சுவரில் மாட்டி, தாம் இறக்கும் நாள் வரை அதனைப் போற்றி வந்தார். வெளியுலகத்தோடு அதிகம் பழகாத, சொற்சுருக்கமுள்ள இம்மனிதருடைய உள்ளம் எத்தகையது என்பதை இச்செயல் ஒன்றே நமக்குக் காட்டும்.

வியன்னா சர்வகலாசாலையில் வைத்திய சாஸ்திரம் பயின்று 1891-ம் ஆண்டில் பட்டம் பெற்றார். மாணவராயிருந்த காலத்திலேயே, உண்ணும் உணவினால் இரத்தத்தின் சாம்பற் பொருள்களில் உண்டாகும் மாறுதலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டார். பட்டம் பெற்றவர் வழக்கம்போல வைத்தியத் தொழிலில் இறங்கிப் பொருள் தேடாமல், ஐந்தாண்டுகள் இரசாயன சாஸ்திரம் கற்கப் புறப்பட்டார். சூரிச்சில் ஹாண்ட்ஸ், வூர்ட்ஸ்பர்க்கில் எமில் பிஷர், மியூனிக்கில் பாம்பர்கர் ஆகிய பேராசிரியர்களை அடுத்து அவர்தம் சோதனைச் சாலைகளில் உழைத்தார். வைத்தியமும் இரசாயனமும் ஒருங்கே கற்றவர் அந்நாளில் அரியர். பின்னர் அவர் செய்த அருஞ்செயல்களுக்கெல்லாம் இவ்விரட்டைக் கல்வியே அடிப்படையாயிற்று என்று நாம் துணிந்து கூறலாம்.

பிணவறைத் தொண்டு

1896-ம் ஆண்டில் வியன்னாவுக்குத் திரும்பி, சுகாதார நிலையத்தில் மாக்ஸ் வான் குரூபர் என்பவரிடம் உதவியாளராக அமர்ந்தார். அங்கேதான், நோய்க் கிருமிகளை எதிர்த்து இரத்தத்தில் தோன்றும் எதிர்ப்பொருள்கள் மீது அவருக்கு நாட்டம் உண்டாயிற்று. பிறகு பேராசிரியர் வைக்செல்பாம் என்பவரின் கீழ் நோய்க்கூற்று நிலையத்தில் அமர்ந்து பத்தாண்டுகள் பணியாற்றினார். அங்கே அவருக்கு இட்ட வேலை இறந்தோர் உடலை அறுத்து ஆராய்வது. அப்பத்தாண்டுகளில் அவர் ஆராய்ந்த உடல்களின் எண்ணிக்கை 3,639 என்பர். பகலெல்லாம் பிணங்களோடு பழகியவர், எஞ்சிய நேரமெல்லாம் உயிருள்ளோரின் இரத்தத்தை ஆராய்ந்தார். வருவாய் சொற்பம், பெயர் சொல்லும் பதவியும் இல்லை. ஆயினும் அவர் தளர்ந்தாரல்லர்.

இருபத்திரண்டு பேர் இரத்தம்

ஆட்டின் இரத்தத்தை முயலின் இரத்த நீரோடு கலந்தால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் என்பது போன்ற செய்திகள் அக்காலத்து அறிஞர்க்குத் தெரிந்தவையே. இனத்துக்கு இனம் இரத்தம் வேறுபடும் என்று அவர்கள் அமைந்திருந்தனர். ஒரே இனத்தைச் சேர்ந்த இரு மனிதரின் இரத்தத்தைக் கலந்தாலும் சில வேளைகளில் அவ்வாறே திரளுவதைக் கண்டவர்கள், அது நோயினால் நேர்வது என்று எண்ணி விட்டுவிட்டனர். லாண்ட்ஸ்டைனர் அங்ஙனம் விடவில்லை. நோயற்றவர் இரத்தமும் அவ்வாறு திரள்கின்றது என்பதை 1900-ம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் எழுதினார். உலகத்தை மாற்றிய ஓர் உண்மை இவ்வாறு ஓர் ஏட்டின் அடியில், சிற்றெழுத்தில், அடக்கமாக வெளிவந்தது.

அடுத்த ஆண்டில் அதனை முறையாக ஆராய்ந்தார். அவர் கையாண்ட கருவிகளோ ஏழை மாணவனுக்கும் கிட்டக்கூடியவை: சில கண்ணாடிக் குழாய்கள், உப்பு நீர், இருபத்திரண்டு பேருடைய இரத்தம். தம்முடைய இரத்தத்தையும், தம்மோடு பணியாற்றிய நண்பர்களின் இரத்தத்தையும் எடுத்து, அணுக்களை வேறாகவும் நீரை வேறாகவும் பிரித்தார். ஒவ்வொருவர் நீரையும் ஒவ்வொருவர் அணுக்களோடும் கலந்து, திரள்வதையும் திரளாததையும் கட்டமிட்டுக் குறித்தார். குறித்து முடித்தபோது அக்கட்டங்களில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. மனிதர் அனைவரும் மூன்று வகையினராகப் பிரிந்தனர். அவற்றுக்கு ஏ, பி, சி என்று பெயரிட்டார். சி என்பது பின்னர் ஓ என வழங்கலாயிற்று. ஏபி என்னும் நான்காம் வகையை அவருடைய நண்பர்களான டெக்காஸ்டெல்லோவும் ஸ்டூர்லியும் 1902-ம் ஆண்டில் கண்டனர்.

இதன் நியமம் மிக எளியது. ஏ வகையினரின் அணுக்கள்மேல் ஏ என்னும் பொருள் உண்டு. அவர்தம் இரத்த நீரில் பி-க்கு எதிர்ப்பொருள் உண்டு. பி வகையினரிடம் இது மாறி நிற்கும். ஓ வகையினரின் அணுக்கள்மேல் இரண்டும் இல்லை. நீரிலோ இரண்டுக்கும் எதிர்ப்பொருள் உண்டு. ஏபி வகையினரின் அணுக்கள்மேல் இரண்டும் உண்டு. நீரில் எதிர்ப்பொருள் ஒன்றும் இல்லை. எவனும் தன் அணுக்களுக்குத் தானே பகையாவதில்லை; தன்னிடம் இல்லாததற்கே பகையாகின்றான். பிளண்டெல் காலத்துத் தாய்மார் சிலர் பிழைத்ததற்கும் சிலர் மாண்டதற்கும் காரணம் இப்போது வெளியாயிற்று. ஏற்றவர் நீரிலுள்ள எதிர்ப்பொருள், வந்த அணுக்களைப் பற்றித் திரட்டி உடைத்துவிடுகின்றது. உடைந்த அணுக்களின் சாயமே சிறுநீரைக் கறுப்பாக்குகின்றது.

இத்துணைப் பெரிய உண்மையை உலகம் உடனே வரவேற்றிருக்கும் என்று நாம் எண்ணுவோம். நடந்தது வேறு. சில ஆண்டுகள் அக்கட்டுரையைப் பொருட்படுத்தியவர் சிலரே. 1907-ம் ஆண்டில் நியூயார்க்கில் ரூபன் ஓட்டன்பர்க் என்னும் வைத்தியர், ஈவோர் இரத்தத்தையும் ஏற்போர் இரத்தத்தையும் முன்னதாகக் கலந்து பார்த்தபின் செலுத்தும் வழக்கத்தைத் தொடங்கினார். முதல் உலக மகாயுத்தத்தில், இரத்தம் உறையாதபடி காக்கும் சிட்ரேட் உப்பும் கைக்குக் கிடைத்தபின், அம்முறை எங்கும் பரவலாயிற்று. அதற்குள் எத்தனை உயிர்கள் வீணே மடிந்தனவோ என்று எண்ணும்போது நெஞ்சம் வருந்துகின்றது.

பிற ஆராய்ச்சிகளும் வறுமையும்

1908-ம் ஆண்டில் லாண்ட்ஸ்டைனர் வில்ஹெல்மினா வைத்தியசாலையில் பிண ஆராய்ச்சித் தலைவரானார். அவ்வாண்டிலேயே பாப்பர் என்பவரோடு சேர்ந்து, இளம்பிள்ளை வாதத்தால் இறந்த ஒரு சிறுவனின் முதுகுத் தண்டுப் பொருளைக் குரங்குகளுக்குச் செலுத்தி அந்நோயை உண்டாக்கிக் காட்டினார். பின்னர் அந்நோயின் வித்து நுண்ணிய வடிகட்டியிலும் தங்காத வைரஸ் என்பது தெளிவாயிற்று. இந்நோய்க்குத் தடுப்பு மருந்து காண வழி திறந்ததில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு.

1916-ம் ஆண்டில் ஹெலன் விலாஸ்டோ என்னும் மங்கையை மணந்தார். அடுத்த ஆண்டில் ஒரு புதல்வன் பிறந்தான். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. யுத்தம் முடிந்தபோது ஆஸ்திரியப் பேரரசு சிதறியது. வியன்னா மாநகரில் உணவுக்கும் விறகுக்கும் பெரும் பஞ்சம் உண்டாயிற்று. சிறு குழந்தையையும் மனைவியையும் காக்க வேண்டி, ஐம்பது வயது கடந்த அவ்வறிஞர் தாய்நாட்டைத் துறந்து ஆலந்து நாட்டில் ஹேக் நகரத்துச் சிறிய கத்தோலிக்க வைத்தியசாலை ஒன்றில் ஊழியம் ஏற்றார். நோயாளரின் சிறுநீரையும் இரத்தத்தையும் நாள்தோறும் சோதித்துக் கொடுப்பதே அங்கே அவர் வேலை. பிறர் மனமுடைந்திருப்பர். இவரோ அந்நெருக்கடியிலும் ஓய்வு நேரங்களில், சிறிய இரசாயனப் பொருள்களைப் புரதத்தோடு பிணைத்து, உடல் அவற்றுக்கு எதிர்ப்பொருள் ஆக்கும் விதத்தை ஆராய்ந்தார். அணுக்கூட்டத்தில் ஒரு சிறு பகுதி இடம் மாறி நின்றாலும் எதிர்ப்பொருள் அதனை வேறென அறிந்துகொள்ளும் என்று காட்டினார். பூட்டுக்கும் திறவுகோலுக்கும் உள்ள பொருத்தம் போன்றது அது. தன்னது எது, அயலது எது என்று உடல் காணும் நுட்பம் இவ்வளவு கூர்மையுடையது என்பது அதற்குமுன் எவருக்கும் விளங்கவில்லை.

அமெரிக்க வாழ்வு

நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் சைமன் பிளெக்ஸ்னர் இவருடைய அருமையை அறிந்து அழைத்தார். 1920-களின் தொடக்கத்தில் அங்கே சென்ற லாண்ட்ஸ்டைனர் தம் வாழ்நாளின் எஞ்சிய இருபது ஆண்டுகளையும் அங்கேயே கழித்தார். 1927-ம் ஆண்டில் பிலிப் லெவின் என்பவரோடு கூடி எம், என், பி என்னும் வேறு இரத்தக் குறிகளையும் கண்டார்.

அந்நிலையத்தில் அலெக்சிஸ் காரல் என்னும் ரண வைத்திய நிபுணரும் பணியாற்றி வந்தார். அறுந்த இரத்தக் குழாய்களை ஒன்றோடொன்று தைத்து இணைக்கும் வித்தையைக் கண்டு 1912-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர் அவர். ஒரு பிராணியின் சிறுநீரகத்தை எடுத்து அதற்கே திரும்பப் பொருத்தினால் அது வேலை செய்தது. மற்றொரு பிராணியினுடையதைப் பொருத்தினால் சில நாளில் கெட்டது. கைத்திறனில் குறைவில்லை என்றால் கேடு எங்கிருந்து வந்தது? அதற்கு விடை தேடவேண்டிய இடம் லாண்ட்ஸ்டைனர் நடந்த பாதையே. 1930-ம் ஆண்டில், இரத்த வகைகளைக் கண்டதற்காக அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. கட்டுரை வெளிவந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. பரிசு பெற்றபோது ஆற்றிய பேருரையில், இரத்தத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேற்றுமையையும், ஒருவர் உடற்பகுதி மற்றொருவர் உடலில் நிலைக்காத உண்மையையும் அவர் இணைத்துப் பேசினார். உறுப்பு மாற்றுச் சிகிச்சை என்பது கனவாயிருந்த காலத்தில் இவ்வாறு சிந்தித்த அவர் மதிநுட்பத்தை நாம் வியவாமலிருக்க முடியாது.

புகழ் வந்தபின்னும் அவர் மாறவில்லை. கூட்டங்களையும் விருந்துகளையும் வெறுத்தார். சோதனைகளைத் தம் கையாலேயே செய்தார். பியானோ வாசிப்பில் வல்லவராயிருந்தும் அதனைப் பலர் அறியச் செய்யவில்லை. 1939-ம் ஆண்டில் ஓய்வு கொடுக்கப்பட்டது. அவரோ சோதனைச் சாலையை விட்டாரில்லை. 1940-ம் ஆண்டில், தம் எழுபத்திரண்டாம் வயதில், அலெக்சாண்டர் வீனர் என்பவரோடு சேர்ந்து ஆர்எச் என்னும் குறியைக் கண்டறிந்தார். தாயிடம் அக்குறி இன்றி வயிற்றுச் சிசுவிடம் இருக்குமாயின், தாயின் எதிர்ப்பொருள் சிசுவின் இரத்தத்தை அழிக்க நேரும் என்பது இதனால் விளங்கிற்று. கருப்பையிலும் தொட்டிலிலும் மடிந்த குழந்தைகள் பலர்க்கு இக்கண்டுபிடிப்பு பிற்காலத்தில் உயிர் ஈந்தது.

இறுதி நாட்கள்

அவருடைய இறுதிக் காலத்தில் அன்பு மனைவியாரைக் கழுத்துச் சுரப்பியிற் புற்றுநோய் பற்றியது. அதற்கு மருந்து காண விழைந்து அம்முதியவர் அந்நோயைப் பற்றிய ஆராய்ச்சியிலும் இறங்கினார். உலகத்தாரின் இரத்தப் புதிரை அவிழ்த்தவரால் தம் இல்லத்து நோயை அகற்ற இயலவில்லை. 1943-ம் ஆண்டு ஜூன் மாதம் 24-ந் தேதி, சோதனைச் சாலையில் கையில் குழாயுடன் வேலை செய்துகொண்டிருக்கையில் மாரடைப்பு உண்டாயிற்று. இரண்டு நாள் கழித்து, 26-ந் தேதி, அந்நிலையத்து வைத்தியசாலையிலேயே உயிர் நீத்தார். அவ்வாண்டு முடியுமுன் மனைவியாரும் அவரைப் பின்தொடர்ந்தார்.

அவர் இட்ட வித்தின் பயன்

லாண்ட்ஸ்டைனரின் சரிதம் அவர் கல்லறையோடு முடியவில்லை. அவர் கண்ட நியமம் இன்று எவ்வளவு தூரம் சென்றிருக்கின்றது என்பதற்கு ஓர் உதாரணமாகக் கல்லீரல் மாற்றுச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம்.

1963-ம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் தேதி, அமெரிக்காவில் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல் என்னும் ரண வைத்தியர் முதன்முதலாக ஒரு மனிதருக்கு வேறொருவர் ஈரலைப் பொருத்த முயன்றார். நோயாளியான சிறு குழந்தை உதிரம் பெருகி மேசைமேலேயே இறந்தது. பல தோல்விகளுக்குப்பின், 1967-ம் ஆண்டில் அவர் பொருத்திய ஈரலோடு ஒரு குழந்தை ஓராண்டுக்கு மேல் உயிர் வாழ்ந்தது. மெல்ல மெல்ல அச்சிகிச்சை நிலைபெற்றது.

ஏ, பி என்னும் பொருள்கள் சிவப்பணுக்களில் மட்டும் இருப்பன அல்ல. இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும், ஈரலில் பித்தக் குழாய்களின் உட்புறத்திலும் அவை உண்டு. ஆதலின் ஓ வகை நோயாளிக்கு ஏ வகை ஈரலைப் பொருத்தினால், அவர் இரத்தத்தில் முன்னரே உள்ள எதிர்ப்பொருள் அவ்வீரலின் குழாய்களைத் தாக்கும். குழாய்களில் இரத்தம் உறைந்து ஈரல் கருகும். தப்பிப் பிழைத்தாலும் பித்தக் குழாய்கள் சுருங்கிப் பின்னர்த் தொல்லை தரும். ஆர்எச் குறியோ சிவப்பணுக்களில் மட்டும் உள்ளது. ஆதலின் ஈரல் பொருத்துவதற்கு அது தடையாவதில்லை. தொடக்க காலத்தில் வேறு வழியின்றிப் பொருந்தா வகை ஈரலை வைத்தபோது சில நோயாளிகள் பிழைத்தனர். அதனால் ஈரலுக்கு இரத்தப் பொருத்தம் இன்றியமையாததன்றோ என்று சிலர் ஐயுற்றனர். 1980-களில் பலருடைய நிலையையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தபோது ஐயம் நீங்கிற்று. ஒரே வகை ஈரல் சிறந்தது. ஓ வகை ஈரலைப் பிறர்க்கு ஈதல் போன்ற ஒத்த வகை அதற்கு அடுத்தது. பொருந்தா வகை மிகவும் தாழ்ந்தது. ஒத்த வகையிலும் ஒரு சிறு தொல்லை உண்டு. ஓ வகை ஈரலோடு வந்து சேரும் ஈந்தவரின் வெள்ளணுக்கள், ஏற்றவரின் ஏ அணுக்களுக்கு எதிர்ப்பொருள் ஆக்கிச் சில வாரம் அவற்றை உடைப்பதுண்டு. வீட்டுக்கு வந்த விருந்தினர் வீட்டாரோடு சண்டையிடுவது போன்றது இது. பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

இறந்தோர் உறுப்பைத் தானம் பெறுவது அரிதாயிருந்த ஜப்பான் நாட்டில், உயிருள்ள உறவினர் தம் ஈரலின் ஒரு பகுதியை ஈவதே வழக்கமாயிற்று. தந்தை ஈய விரும்புகிறார். ஆனால் அவர் இரத்த வகை மகளுக்குச் சேராது. அன்பு பொருந்தியும் இரத்தம் பொருந்தாத இந்நிலை எத்துணைக் கொடியது! அந்நாட்டு வைத்தியர்கள் இதற்கு வழி தேடினர். நோயாளியின் இரத்த நீரை மாற்றி எதிர்ப்பொருளைக் குறைத்தல், ரிட்டுக்சிமாப் என்னும் மருந்தினால் எதிர்ப்பொருளை ஆக்கும் அணு வகையை முன்னதாகவே ஒடுக்குதல் ஆகிய முறைகளை 2000-களின் தொடக்கம் முதல் கையாண்டனர். இன்று தேர்ந்த நிலையங்களில் பொருந்தா வகை ஈரலும் ஏறக்குறைய பொருந்தும் வகையைப்போலவே நிலைக்கின்றது. நம் நாட்டின் பெரிய வைத்தியசாலைகளிலும் இது நடைபெறுகின்றது. ஒரு வயது நிரம்பாத சிசுக்களிடம் இவ்வெதிர்ப்பொருள்கள் மிகக் குறைவாதலின் அவர்கள் எளிதில் ஏற்றுக்கொள்கின்றனர்.

1958-ம் ஆண்டில் பிரான்சு தேசத்து ழான் தோசே வெள்ளணுக்களிலும் இத்தகைய குறி உண்டென்று கண்டார். எச்.எல்.ஏ. என்று அவை வழங்கும். முன் செலுத்திய இரத்தத்தினாலோ, கருவுற்றமையாலோ ஒருவரிடம் இவற்றுக்கு எதிர்ப்பொருள் உண்டாகியிருந்தால், பொருத்திய சிறுநீரகம் சில நிமிஷங்களில் கறுத்துச் சாவதும் உண்டு. ஈரலோ பொறுமையில் மேம்பட்டது. உருவிற் பெரியது, இருவழி இரத்தம் பெறுவது, சேதமுற்ற பகுதியைத் தானே வளர்த்துக்கொள்வது, எதிர்ப்பொருளை விழுங்கித் தூய்மை செய்யும் அணுக்களையும் தன்னுள் உடையது. ஒரே ஈகையாளரின் ஈரலும் சிறுநீரகமும் ஒருங்கே பொருத்தப்படும்போது, ஈரல் அச்சிறுநீரகத்துக்கும் கேடயமாவதுண்டு. ஆயினும் அதன் பொறுமைக்கும் எல்லை உண்டு. எதிர்ப்பொருள் மிகுந்தும் நீடித்தும் இருக்குமாயின், சிலரிடம் காலப்போக்கில் ஈரல் தழும்பேறி நலிகின்றது. ஆதலின் வைத்தியர்கள் அதனையும் அளந்து வருகின்றனர்.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வளவுக்கும் வித்து எங்கே? வியன்னாவில் பிண ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர், நண்பர் கைகளிலிருந்து சிறிது சிறிது இரத்தம் எடுத்து, பொறுமையோடு கட்டமிட்டுக் குறித்த ஒரு தாளிலே. பிறர் நோயின் குறியென்று தள்ளிவிட்டதை அவர் தள்ளவில்லை. மூவாண்டு, முப்பதாண்டு உலகம் உணராதபோதும் அவர் தம் பணியை நிறுத்தவில்லை. பஞ்சம் வந்தபோது சிறிய வேலையை ஏற்கவும் நாணவில்லை. புகழ் வந்தபோது அதற்கு அடிமையாகவும் இல்லை. சாஸ்திர வகுப்புகளில் சோதனைக் குழாய் பிடிக்கும் நம் மாணவர் இக்குணங்களைக் கருத்திற் கொள்வாராக. பெரிய கருவிகள் இல்லையே என்று ஏங்குவோர் அவருடைய கண்ணாடிக் குழாய்களையும் உப்பு நீரையும் நினைப்பாராக.

மற்றுமொன்று. லாண்ட்ஸ்டைனரின் இரத்த வகைகள் மொழியையும் தேசத்தையும் சாதியையும் கேட்பதில்லை. கூடப் பிறந்தவனின் இரத்தம் சேராதிருக்க, எங்கோ பிறந்த அயலான் இரத்தம் சேர்வதைக் காண்கின்றோம். அவர் பிறந்த ஜூன் 14-ந் தேதியை 2004-ம் ஆண்டு முதல் உலகம் இரத்த தான நாளாகக் கொண்டாடி வருகின்றது. அந்நாளில் மட்டுமன்றி, வேண்டும்போதெல்லாம் கை நீட்டி உதிரம் ஈவதே அவர்க்கு நாம் செலுத்தத்தக்க காணிக்கையாகும். தன்னை ஈதலே அன்பின் உயர்ந்த நிலை என்று கற்பிக்கும் கல்லூரியில் பயிலும் நமக்கு இது அரிய செயலன்று.